கீறல் படாதவன்

சொந்தாதுரோ வேகற வாசம் வந்துச்சுன்னா எங்க மேட்டுல விடிஞ்சுருச்சுன்னு அர்த்தம். சேவல் முந்தும் பிந்தும், எஸ்னெடா அடுப்பு பிந்தாது. பனங்கொலை மாதிரி மரத்துல தொங்கற பழந்தான் அது. செவப்பும் மஞ்சளுமா, கோழிமுட்டை பருமன் இருக்கும். பச்சையாக் கடிச்சாத் தொண்டை கமறும். பெரிய அண்டாவுல கொட்டி, ஒரு துண்டு பன்னிக்கொழுப்பும் ஒரு கை உப்பும் போட்டு ரொம்ப நேரம் வேக விடணும். கொழுப்பு எதுக்குன்னா தோலு பளபளன்னு இருக்கறதுக்கு. பழம் பளபளக்கலேன்னா எவன் நின்னு வாங்குவான்? வெந்தத எஸ்னெடா தாம்பாளத்துல அடுக்கித் தலையில வெச்சுக்கிட்டு, படிக்கட்டு பூரா எறங்கி, கீழ ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து ஒக்காருவா. கத்தி எடுத்தாத் தோலு ஒரே சுருளா உரிஞ்சு விழும். கொட்டைய நெம்பி எடுத்துப் போட்டுட்டு, "உப்பா, தேனா?"ன்னு கேப்பா. எங்க கொலம்பியாவுல பசிபிக் கரையிலேர்ந்து வந்தவ, அந்தக் கரைக்காரங்க கொரலே பாட்டு மாதிரிதான் இருக்கும்.

அந்த வாசம் மூணு வாரமா வரல. மேடே விடியாத மாதிரிக் கெடந்துச்சு.

அவ பக்கத்துல எண்ணெய்ச் சட்டி வெச்சு, சோளமாவுக்குள்ள கறி வெச்சு மடிச்ச எம்பனாடா பொரிச்சு விக்கறவ நான், ஒமைரா. அவ புள்ள டெய்பிக்கு ஞானஸ்நானத்துல கையில ஏந்தி நின்ன ஞானத்தாயும் நாந்தான். அதனால இந்தக் கதைய எனக்குச் சொல்ல உரிமை இருக்கு. யாராவது இல்லேன்னு சொன்னா வரச் சொல்லுங்க, சட்டியில எண்ணெய் கொதிச்சுக்கிட்டுதான் இருக்கு.

டெய்பிக்கு இருபத்திரண்டு வயசு. கீழ டயர் கடையில வேலை. சாயங்காலம் மலைப்பக்கத்துலேர்ந்து ஒரு காத்து எறங்கும் எங்க ஊர்ல. பகலெல்லாம் வேகற சனம் அந்தக் காத்துக்குத்தான் காத்துக்கெடக்கும். அந்தக் காத்தோட அவன் விசிலும் வரும். ரோட்டோட ரெண்டாவது வளைவுலயே விசில் அடிக்க ஆரம்பிச்சுருவான், நேரா வந்து ஆத்தா தாம்பாளத்தத் தூக்கித் தன் தலையில வெச்சுக்குவான். "டயர் கரி படிஞ்ச தலையில பழத்தட்ட வெக்காதடா, நாறும்"பா அவ. "நாறுனா தேன் ஊத்தி வித்துரு"ம்பான் அவன். மிச்சம் இருக்கற பழத்த அவனுக்குன்னு உரிச்சு வெச்சுருப்பா. உப்பு மட்டும்தான் தொட்டுக்குவான். தேன் ஊத்துனா தொடமாட்டான்.

அவனோட சேத்தாளி துவான். ரெண்டும் ஒரே படிக்கட்டுல மூக்கொழுகிக்கிட்டு வளந்ததுக. துவான் வாடகைக்கு மோட்டார் பைக் ஓட்டறவன். அன்னைக்கு எஸ்னெடாவுக்குப் பழமூட்டை எடுக்க ரெண்டு பேரும் மொத்த மார்க்கெட்டுக்குப் போனாங்க. தூறல். துவான் தலையில ஹெல்மெட் இருந்துச்சு. டெய்பியோட ஹெல்மெட்டு முழங்கையில இருந்துச்சு. அப்பத்தான் முடி வெட்டிச் சீவியிருந்தான், கலைஞ்சுரும்னு மாட்டல. பஸ்ஸு பிரேக் அடிச்சுச்சு, பைக்கு வழுக்குச்சு. முழங்கைக்கு ஒண்ணும் ஆகல.

ஆஸ்பத்திரி வாசல்ல துவான் நின்னுக்கிட்டிருந்தான். சட்டையில சேறு மட்டும். எஸ்னெடா ஜீப்பவிட்டு எறங்குனதும் அவன மேலயும் கீழயும் பாத்தா. அப்புறம் தெருவே திரும்பிப் பாக்கற மாதிரிக் கத்துனா:

"எம்புள்ள மண்ட ஒடஞ்சு கெடக்கான், நீ ஒரு கீறல் இல்லாம எப்படிடா வந்து நிக்கிற? வெக்கமா இல்ல? எங்கண்ணு முன்னால இனி வராத!"

அவன் வரல. அதுக்கப்புறம் எங்க கடைப் பக்கமே வராம, மேல சுத்துப்பாதையில போவான்.

டெய்பிக்கு ஆபரேசன் ஆச்சு. பொழச்சான், கண்ணு தொறந்தான். அதோட நின்னுருச்சு. பேச்சில்ல. பக்கத்துல போனா நம்மளத் தாண்டிச் செவுத்தப் பாப்பான். மசிச்ச சாப்பாடு குடுக்கலாம்னு நர்ஸு சொன்னாங்க. எஸ்னெடா கிண்ணத்த எடுத்துட்டுப் போனா மூஞ்சியத் திருப்பிக்குவான். நர்ஸு ஊட்டுனா ரெண்டு வாய் வாங்குவான். பெத்தவ கையத் தட்டிவிட்டுட்டு நர்ஸு கையில திங்கறானேன்னு அவ வராந்தாவுல போய்ச் செவுத்தோட சாஞ்சு அழுதா. நானும் அழுதேன், எனக்கென்ன வந்துச்சு மறைக்க.

"அன்னைக்கு அவனுக்கு ஏத்துனது யாரு ரத்தமோடி," ன்னா அவ. "எந்த ஊர்க்காரனோ, எவனோ. அதான் நம்மளத் தெரியல அவனுக்கு."

கேக்கும்போது எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

அந்த வார்டுல ஹிமெனான்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, கொண்டையில பேனா சொருகியிருக்கும். அடிபட்டு வர்றவங்க ரத்தத்த வெச்சு ஆராய்ச்சி பண்றவங்க. டெய்பிகிட்டயும் அப்பப்போ எடுப்பாங்க, எஸ்னெடா சரின்னு சொல்லியிருந்தா. ஒருநாள் எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சுப் பேசுனாங்க.

"எஸ்னெடாம்மா, அடிபட்டா ரத்தம் எப்படி மாறுதுன்னு தெரியணும்னா அடிபடாதவங்க ரத்தத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். எங்களுக்கு அப்படி ரத்தம் குடுக்க வர்றவங்க யாரு தெரியுமா? எங்க காலேஜுப் பசங்க. காலையில பழச்சாறு குடிச்சுட்டு ஓடப் போறவங்க. அடிபட்டு வர்றது யாரு? மேட்டுப் பசங்க. ராத்திரி வேலை, அரை வயித்துச் சாப்பாடு, சனிக்கெழமையானா சாராயம், ஒடம்புல ஏற்கெனவே ரெண்டு தழும்பு. ரெண்டு ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்சா, அது அடியால வந்ததா, மேட்டுல பொறந்ததால வந்ததான்னு நான் எப்படிக் கண்டுபுடிப்பேன்?"

"அதுக்கு எதுக்குத் தாயி ரத்தம்? என்னையக் கேட்டா நானே சொல்லுவேனே," ன்னேன்.

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "அதனாலதான் கேக்கறேன். உங்க மேட்டுலயே, டெய்பி வயசுல, நோய் நொடி இல்லாத ஆம்பளை யாராவது இருந்தாக் கூட்டிட்டு வாங்க. சர்க்கரை, மாத்திரை, குடி எதுவும் இருக்கக் கூடாது. பழைய காயமும் கூடாது. இது வைத்தியம் இல்லம்மா, ஆராய்ச்சி. புரியுதா?"

"புரியுது தாயி," ன்னோம் ரெண்டு பேரும்.

என்னத்தப் புரிஞ்சுது! எங்க சனத்துக்கு ஆஸ்பத்திரிக்காரங்க "ஆளு கூட்டிட்டு வா"ன்னு சொன்னா ஒரே அர்த்தந்தான். எங்கக்கா பிரசவத்துக்கு ஆளு கேட்டாங்க, கூட்டிட்டுப் போனோம். ஜீப்புக்கார கில்டார்தோ கொடல் ஆபரேசனுக்கு ஆளு கேட்டாங்க, கூட்டிட்டுப் போனோம். வந்த ஆளு கையில ஊசி குத்தி ரத்தம் எடுப்பாங்க, நம்ம நோயாளிக்கு ரத்தம் கெடைக்கும். ரத்தம் குடுத்தவனுக்கு நோயாளி வீட்டுல வயிறு நெறையச் சோறு போடணும். இதுதான் தாத்தன் காலத்துலேர்ந்து வழக்கம். டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும், எங்க காதுல விழுந்தது இதுதான்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல எறங்கும்போதே எஸ்னெடா எங்கையப் புடிச்சு நசுக்கிட்டா. "கேட்டியாடி? அவன் வயசு, அவன் மேடு, நோயில்லாத ரத்தம். அது அவனுக்குள்ள ஏறுனா போதும். நம்மளத் தெரிஞ்சுக்குவான். அம்மான்னு ஒரு தடவ கூப்புட்டுருவான்டி."

"கூப்புடுவான்," ன்னேன்.

மறுநாளே தேட ஆரம்பிச்சோம். ஆம்பளைக்கா பஞ்சம் எங்க மேட்டுல? எந்தப் படியில பாத்தாலும் ஒருத்தன் பனியனோட குந்திக்கிட்டு இருப்பான். மொதல்ல பேக்கரி அர்பெய்கிட்டப் போனோம். மாவு மூட்டைய ஒத்தக் கையில தூக்குவான், காளை மாதிரி ஒடம்பு.

"எஸ்னெடாக்கா, உங்களுக்கு இல்லாததா? ஆனா எனக்கு இழுப்பு இருக்கேக்கா. மாவுத்தூசி. ராத்திரி பம்ப்பு அடிச்சாத்தான் மூச்சே வரும்."

"இவ்வளவு பெரிய நெஞ்ச வெச்சுக்கிட்டு மூச்சு வரலையா ஒனக்கு?" ன்னேன்.

"நெஞ்சு பெருசுதான் ஒமைராக்கா. காத்துதான் உள்ள வரமாட்டேங்குது."

அடுத்து கட்டட வேலை நில்சன். கேட்டதும் சிரிச்சுக்கிட்டே கால்சட்டைய ஏத்தித் தொடையக் காட்டுனான். குண்டு பாஞ்ச தழும்பு. "எடுக்கவே இல்லக்கா, உள்ளயே இருக்கு. மழை வர்றதுக்கு மொத நாளே வலிக்கும். ரேடியோவுல சொல்றது தப்பும், என் தொடை சொல்றது தப்பாது."

கோயில்ல கிட்டார் வாசிக்கற பையன், குடி கிடையாது, சண்டை சச்சரவு கிடையாது. அவன் சரின்னுட்டான். அவங்கம்மா பின்னாலயே ஓடி வந்து காதுல சொன்னா, அவனுக்கு வலிப்பு மாத்திரை ஓடுதாம், பொண்ணு பாக்கற நேரம், வெளிய சொல்லிறாதீங்கன்னு. பந்தாட்டக்காரன் ஒருத்தன், கொலம்பியா டீம் மஞ்சப் பனியனக் கழட்டாம நாலு வருசமாத் திரியறவன், "ஒரு வாரம் குடிக்காம இருக்கணுமா? அக்கா, வேற எதுனாலும் கேளுங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டான்.

மேடு பூரா ஏறி எறங்குனதுல என் முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. ஒருத்தனுக்குக் கத்திக்குத்து, ஒருத்தனுக்கு ஈரல், ஒருத்தனுக்கு மெசின்ல போன வெரலு. ஆம்பளைங்க நெறைஞ்ச மேடுன்னு நெனச்சேன், பூரா ஒடஞ்ச பாத்திரக் கடை. இதையெல்லாம் தெனம் பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஆனா அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு யாரத் திட்டறதுன்னே தெரியல.

திரும்பி பேக்கரி வழியா வர்றோம். அர்பெய் அடுப்ப விட்டு எட்டிப் பாத்தான்.

"கெடச்சானாக்கா?"

"இல்லடா."

"ஏன், துவான் இருக்கானே? அவன் குடிக்க மாட்டான். அவனுக்குத்தான் ஒரு கீறல் கூட..." பாதியில நாக்கக் கடிச்சுக்கிட்டான்.

எஸ்னெடா விடுவிடுன்னு நடந்தா. வந்து ஜீப் ஸ்டாண்டுல அவ வழக்கமா ஒக்கார்ற பலகையில வெறுங்கையோட ஒக்காந்தா. நானும் பக்கத்துல ஒக்காந்தேன். அந்நேரத்துக்குக் காத்து எறங்குச்சு. மாமரமெல்லாம் சலசலத்துச்சு, அவ பாவாட மடிப்பு படபடன்னு அடிச்சுச்சு. அவ ரெண்டாவது வளைவையே பாத்துக்கிட்டிருந்தா. காத்து வருது, விசில் வரல. அவளப் பாக்கவே என்னால முடியல.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் ஒமைரா," ன்னா. "அவன் நடக்க வேணாம், வேலைக்குப் போக வேணாம். நான் தூக்கிச் சொமப்பேன். என்னையப் பாத்து, இவதான் எங்காத்தான்னு தெரிஞ்சாப் போதும். அது தெரியாமப் பாக்கறான்டி, என்னால தாங்க முடியல."

"சரி, அப்ப எந்திரி. அந்தப் பயகிட்டப் போவோம்."

"நான் என்ன வார்த்த சொல்லியிருக்கேன் அவன, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கற மூஞ்சியத்தான். வேற மூஞ்சி வாங்கியா வர முடியும்?"

துவான் அவன் சித்தி வீட்டுல இருந்தான். வாசல்ல அவன் பைக்கு, மேல பிளாஸ்டிக் தாள் போத்திக் கவுறு கட்டிக் கெடந்துச்சு. அவன் இப்ப பைக்கு ஓட்டறதில்ல, ஜீப்பு போகாத எடத்துக்குச் சிமெண்டு மூட்டை சொமக்கறான்னு சித்திக்காரி சொன்னா. எங்களப் பாத்ததும் செவுத்தோட ஒட்டி நின்னான். நெத்தியெல்லாம் சிமெண்டு.

எஸ்னெடா வாசப்படிய மிதிக்கல. மண்ணப் பாத்துக்கிட்டே சொன்னா. "டெய்பிக்கு ரத்தம் வேணும்டா. அவன் வயசுல, நம்ம மேட்டுல, நல்ல ஒடம்பா இருக்கணுமாம். எங்கெங்கயோ தேடிட்டேன். நீதான் இருக்க."

"எவ்வளவு வேணும் அத்தை?"

"தெரியல."

"எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லுங்க," ன்னான். கேலியாச் சொல்லல. நெசமாவேதான் சொன்னான்.

மறுநாக் காலையில, மூணு வாரம் கழிச்சு, எங்க மேட்டுல சொந்தாதுரோ வேகற வாசம் வந்துச்சு. ரத்தம் குடுக்கறவனுக்குச் சாப்பாடு போடணுமே. சனமெல்லாம் கதவத் தொறந்து எட்டிப் பாத்துச்சு. பழத்த ஒரு தூக்குலயும், வாழைக்காயும் கெழங்கும் போட்ட கோழிச் சாற இன்னொரு தூக்குலயும் எடுத்துக்கிட்டு எஸ்னெடா எறங்கி வந்தா. தலையெல்லாம் எண்ணெய் தேச்சு முடிஞ்சிருந்தா. புள்ள தன்னப் பாக்கப் போறான்னு நம்பிக்கை.

கில்டார்தோ ஜீப்ப எங்களுக்காக நிறுத்தி வெச்சிருந்தாரு. துவான் ஏற மாட்டேன்னுட்டான்.

"நடந்தே வந்துர்றேன் அத்தை."

"இங்கேர்ந்தா? ஊரத் தாண்டணும்டா! ரத்தம் குடுக்கறவன் வெயில்ல நடக்கறதா? ஏறு."

"நடந்துர்றேன்."

"பாத்தியா அவன் திமிர," ன்னு எங்கிட்டப் பொருமுனா ஜீப்புல. நானும் திமிருன்னுதான் நெனச்சேன். நாங்க போயி வாசல்ல ஒக்காந்து, வெயிலு உச்சிக்கு ஏறுனதுக்கு அப்புறந்தான் அவன் வந்தான். சட்டை பூரா நனஞ்சு முதுகோட ஒட்டியிருந்துச்சு.

டாக்டரம்மா தண்ணி குடுத்து, ஆற வெச்சு, அப்புறந்தான் கேக்க ஆரம்பிச்சாங்க. எஸ்னெடா கதவுகிட்டயே நின்னா. சர்க்கரை இல்ல. மாத்திரை இல்ல. சாராயம் இல்ல, சிகரெட்டு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னு வர வர அவ மொகம் மலந்துச்சு.

"இந்த ஆறு மாசத்துல விபத்து ஏதாவது?"

துவான் எஸ்னெடாவத் திரும்பிப் பாத்தான். "இருந்துச்சு. டெய்பியோட இருந்தேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

டாக்டரம்மா பேனா நின்னுச்சு. "வண்டிய ஓட்டுனது நீங்களா?"

"ஆமா."

"தூக்கம் எப்படி?"

"நல்லாத் தூங்குவான் டாக்டரம்மா, எளவட்டப் பையன்," ன்னா எஸ்னெடா.

"அவரு சொல்லட்டும்மா."

துவான் தரையப் பாத்துக்கிட்டே சொன்னான். "கண்ண மூடுனா பிரேக்குச் சத்தம் கேக்குது. விடியற வரைக்கும் படிக்கட்டுல ஒக்காந்திருப்பேன். அப்புறம் வேலைக்குப் போயிருவேன்."

"சாப்பாடு?"

"எறங்க மாட்டேங்குது."

"பைக்கு ஓட்டறீங்களா?"

"ஏற முடியல. ஜீப்புலயும் ஏற முடியல. ஏறுனா நெஞ்சு அடைக்குது."

"கைய நீட்டுங்க."

நீட்டுனான். சிமெண்டு மூட்டை தூக்கற கை. மழையில நனஞ்ச நாய்க்குட்டி மாதிரி நடுங்குச்சு. டாக்டரம்மா மணிக்கட்டப் புடிச்சு நாடி பாத்தாங்க, ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க:

"தம்பி, ஒங்கள நான் நல்லா இருக்கறவங்க பக்கம் சேக்க முடியாது."

எஸ்னெடா ஒரே எட்டுல உள்ள வந்துட்டா. "என்ன டாக்டரம்மா இப்படிச் சொல்றீங்க? இவன விட்டா எங்க மேட்டுல வேற ஆளில்ல! இவனுக்கு ஒண்ணுமே ஆகல, ஒரு கீறல் கூட இல்ல! டேய், சட்டையக் கழட்டு. கழட்டிக் காட்டுடா!"

அவன் கழட்டுனான். கீறல் இல்லதான். தழும்பு இல்ல, காயம் இல்ல. வெலா எலும்பு ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரிஞ்சுது. கால்சட்டை இடுப்புல நிக்காமக் கவுறு கட்டியிருந்தான், பைக்குப் பிளாஸ்டிக்கக் கட்டியிருந்த அதே கவுறு. மூணு வாரத்துக்கு முன்னால வாசல்ல நின்ன பையன்ல பாதிகூட இல்ல. எஸ்னெடா கை தூக்குன எடத்துலயே நின்னுபோச்சு.

"இவரையும் நான் வைத்தியத்துக்குச் சேக்கணும்மா," ன்னாங்க டாக்டரம்மா. "இவரும் அன்னைக்கு அடிபட்டவருதான்."

"அப்ப... எம்புள்ளைக்கு யாரு ரத்தம் ஏத்தறது?"

டாக்டரம்மா அவளப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க, என் மடியில இருந்த ரெண்டு தூக்கையும் பாத்தாங்க. நாங்க என்னன்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்கோம்னு அப்பத்தான் அவங்களுக்கு வெளங்குச்சு. அவங்க மொகம் செவந்து போச்சு, பாவம்.

"அம்மா, இந்த ரத்தம் டெய்பிக்கு ஏத்தறதுக்கு இல்ல. ஒரு சின்னக் குழாயில எடுத்துப் பாக்கறதுக்கு மட்டுந்தான். அன்னைக்குச் சொன்னேனே..."

"அப்ப அவன் என்னையத் தெரிஞ்சுக்கறது?"

"அது ரத்தத்துல இல்லம்மா."

"எப்பத் தெரியும்?"

"எனக்குத் தெரியல. தெரிஞ்சாச் சொல்லியிருப்பேன்."

எஸ்னெடா பெஞ்சுல ஒக்காந்துட்டா. துவான் சட்டையக் கையில சுருட்டிக்கிட்டு, "நான் போறேன் அத்தை," ன்னான். ரெண்டு எட்டு வெச்சிருப்பான். எஸ்னெடா எந்திரிச்சுப் போயி சட்டையப் புடுங்குனா. உள்பக்கம் வெளிய கெடந்த சட்டைக் கைய இழுத்துச் சரி பண்ணுனா. சின்னப் பிள்ளைக்கு மாட்ற மாதிரி ஒரு கையா மாட்டிவிட்டு, கீழேர்ந்து ஒவ்வொரு பட்டனாப் போட்டா.

"சாப்புட்டுட்டுப் போ."

"நான் ரத்தம் குடுக்கலையே அத்தை."

"குடுக்கத்தானடா நடந்து வந்த. வா."

வார்டுல டெய்பி தலையணையில சாஞ்சு செவுத்தப் பாத்துக்கிட்டிருந்தான். மொட்டத் தலையில தையலு. துவான் வாசல்லயே நின்னுட்டான், எஸ்னெடா முழங்கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து கட்டில் ஓரமா நிறுத்துனா. இருந்தது ஒரே நாற்காலி, அதுல அவன ஒக்கார வெச்சா. சாறு ஊத்திக் குடுத்தா. கிண்ணத்துக்கு அடியில இவ கையக் குடுத்துத் தாங்கிக்கிட்டா. ரெண்டு வாய் எறங்குச்சு. அப்புறம் பழத்த எடுத்து உரிச்சா. தோலு ஒரே சுருளா விழுந்துச்சு. வார்டு பூரா அந்த வாசம்.

டெய்பி தலை செவுத்த விட்டுத் திரும்புச்சு.

மொதல்ல பழத்தப் பாத்தான். அப்புறம் அதத் திங்கற வாயப் பாத்தான். அப்புறம் மொகத்த.

"துவான்," ன்னான். நாக்கு தடிச்சு, கல்லு மேல கல்லு வெக்கற மாதிரி வந்துச்சு பேச்சு. "எனக்கு... இல்லையாடா?"

துவான் கிண்ணத்தக் கீழ வெச்சுட்டு விம்மி விம்மி அழுதான். டெய்பி அவன ஆச்சரியமாப் பாத்தான். அப்புறம் கண்ணு மெதுவா நகந்து எஸ்னெடாகிட்ட வந்து நின்னுச்சு. அவ கத்தியும் பழமுமா நிக்கறா. இதோ, இதோன்னு நான் என் பாவாடையக் கசக்கிக்கிட்டு நிக்கறேன்.

"டேய்," ன்னான் துவான்கிட்ட. "அந்தக்கா... நின்னுக்கிட்டே இருக்காங்க. எந்திரிச்சு எடம் குடு."

துவான் துள்ளி எந்திரிச்சான். "டெய்பி, இது உங்கம்மா..."

எஸ்னெடா துவான் கைய அழுத்திப் புடிச்சா. சொல்லாதேன்னு தலைய அசைச்சா. அப்புறம் அந்த நாற்காலியில ஒக்காந்தா.

"நன்றி தம்பி," ன்னா டெய்பியப் பாத்து.

என் பக்கம் திரும்புனா. கண்ணுல தண்ணி கொட்டுது, வாயி சிரிக்குது. "பாத்தியாடி? பொம்பளைங்க நின்னா எடம் குடுக்கணும்னு நாந்தான் சொல்லிச் சொல்லி வளத்தேன்," ன்னு மெதுவாச் சொன்னா. நான் வாயப் பொத்திக்கிட்டேன்.

அவ மூக்கத் தொடச்சுக்கிட்டு, இன்னொரு பழத்த எடுத்தா. உரிச்சா, கொட்டைய நெம்புனா, கரண்டியால நல்லா மசிச்சா. அப்புறம் ஜீப் ஸ்டாண்டுல கேக்கற அதே கொரல்ல, பாட்டு மாதிரிக் கேட்டா.

"உப்பா, தேனா தம்பி?"

அவன் யோசிச்சான். "உப்பு."

ஊட்டுனா. வாங்கிக்கிட்டான். தட்டிவிடல. இன்னொரு வாய், இன்னொரு வாய். கிண்ணம் காலியாகற வரைக்கும் அவன் மொகத்த விட்டு அவ கண்ண எடுக்கல.

"நல்லாருக்குக்கா," ன்னான். "எங்க... வியாபாரம்?"

"மேட்டுக்குக் கீழ. ஜீப் ஸ்டாண்டுல."

அவன் கண்ணு மின்னுச்சு. இவ்வளவு நாள்ல அன்னைக்குத்தான் அந்தக் கண்ணுல வெளிச்சம் பாத்தேன்.

"அங்கயா? எங்கம்மாவும்... அங்கதான் விக்குது. பாத்தாச் சொல்லுங்க, நான் இங்க இருக்கேன்னு. ஏன் வரலேன்னு கேளுங்க."

எஸ்னெடா அவன் வாயோரத்துல ஒட்டியிருந்த பழத்தப் பெருவெரலால தொடச்சுவிட்டா.

"சொல்றேன் தம்பி," ன்னா. "இன்னைக்கே போயிச் சொல்றேன்."